கோல் காவலரை அணியிலிருந்து நீக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

செந்தூல் திடல் (திங்கள், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் வார இறுதிகளில் ஆடும் காற்பந்து அணி ஒன்றை நடத்தி வருகிறேன். லாரி ஓட்டுபவர், கிடங்கில் வேலை செய்பவர், கல்லூரி மாணவர், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதப்போகும் பையன்கள் என்று கலந்த கூட்டம். உணவகம் வைத்திருக்கும் ஒருவர் ஜெர்சி வாங்கித் தருகிறார். தீபாவளிக்கு முன் வரும் கிண்ணப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிறது.

எங்கள் கோல் காவலருக்கு இருபத்திரண்டு வயது. எல்லாருக்கும் முன்னால் வந்து வலை கட்டுகிறவன் அவன்தான். அண்மையில் அணியில் ஒருவன் அவனுடைய கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்கிறான். இன்னோர் ஆணுக்கு அவன் அனுப்பிய செய்திகளைப் படம் பிடித்து அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பார்த்தவுடன் நீக்கச் சொன்னேன். அதற்குள் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

பயிற்சியில் பெரிய நீலத் தோம்பில் ஐஸ் போட்டுத் தண்ணீர் வைப்போம். ஒரே குவளையில் மொண்டு குடிப்பது வழக்கம். இப்போது பாதிப் பேர் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருகிறார்கள். ஏன் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அவன் அதைக் கவனித்துவிட்டான். போன சனிக்கிழமை தோம்பின் பக்கமே வராமல், திடலின் ஓரத்தில் கார் கழுவும் குழாயில் போய்க் கையால் ஏந்திக் குடித்தான்.

அணித்தலைவரும் வேறு சிலரும், "அவனை நீக்கினால்தான் ஆடுவோம்" என்கிறார்கள். அவன் செய்த குற்றம் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. எனக்கு அவனை நீக்க மனம் இல்லை. ஆனால் அணி உடைந்துவிடும் போலிருக்கிறது. விளையாட்டுத் தெரிந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்ய வருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போய்விடுங்கள்.

பத்துமலை வாசி (திங்கள், இரவு 11.15)

சகோதரரே, கேலி செய்ய வரவில்லை. மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பையனை அடிக்கவோ திட்டவோ சொல்லவில்லை. ஆனால் இளைஞர்கள் ஒன்றாக உடை மாற்றும் இடம் அது. அவர்களுக்குக் கூச்சம் இருக்கிறது, அதையும் மதிக்க வேண்டும். குடி, குண்டர் கும்பல், பாதியில் படிப்பை விட்ட பிள்ளைகள் என்று நம் சமூகத்துக்கு இருக்கிற தலைவலி போதாதா? மேல்நாட்டுக்காரன் இவர்களுக்கு ஆதரவு என்று கைப்பட்டையில் வானவில் கட்டிக்கொண்டு ஆடினால் நாமும் அதையே செய்ய வேண்டுமா? இந்த நாட்டில் சட்டமே இதைத் தடுக்கிறது. நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் அணியின் பெயர்தான் கெடும். நாசூக்காகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவனுக்கும் அதுதான் நல்லது.

கிள்ளான் ரசிகன் (திங்கள், இரவு 11.58)

உடை மாற்றும் அறை என்றவுடன் கை துடிக்கிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஜேசன் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் 2013 ஏப்ரலில்தான் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன் பன்னிரண்டு பருவங்கள் என்.பி.ஏ.வில் ஆடியிருந்தார். பன்னிரண்டு பருவங்கள் அதே அறையில் உடை மாற்றினார், குளித்தார், தோல்வியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாருக்கு என்ன ஆனது? அடுத்த ஆண்டு புரூக்ளின் நெட்ஸ் அணியில் 98 என்ற எண் போட்ட சட்டையுடன் ஆடினார். 1998-ல் வயோமிங்கில் தன்பால் ஈர்ப்புக்காக அடித்துக் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவனின் நினைவாக அணிந்த எண் அது.

வேல்ஸ் ரக்பி அணிக்கு நூறு ஆட்டம் ஆடிய கேரத் தாமஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரக்பியைவிட முரட்டு ஆட்டம் எது? அவர் 2006-லேயே பயிற்றுநரிடம் அழுதுகொண்டு சொல்லிவிட்டார். பயிற்றுநர் அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்து விஷயத்தைச் சொல்லி, அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் தட்டிக்கொடுத்தார்கள். ஊருக்குத் தெரிந்தது 2009 டிசம்பரில்தான். செந்தூல் அண்ணே, நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பயிற்றுநர் செய்ததுதான். அணியில் மற்றவர்கள் மதிக்கும் இருவரைப் பிடியுங்கள். தலைவர்தான் எதிராக நிற்கிறார் என்றால் வேறு இருவர்.

இப்போது மறுபக்கம். ஜஸ்டின் ஃபஷானு. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 1981-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய தாக்குதல் ஆட்டக்காரர். பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பினத்தவர். தன்பால் ஈர்ப்பாளர்களின் விடுதிக்குப் போகிறார் என்று தெரிந்ததும் மேலாளர் பிரையன் கிளஃப் அவரைக் குத்திக்காட்டித் துரத்தினார். கிளஃபே அதைப் பிறகு எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஃபஷானு அணி அணியாக மாறிக்கொண்டே இருந்தார். 1990-ல் பத்திரிகையில் உண்மையைச் சொன்னார். உடன்பிறந்த தம்பியே, அவரும் பேர்போன ஆட்டக்காரர், அண்ணனை ஒதுக்கிப் பேட்டி கொடுத்தார். 1998 மே மாதம், முப்பத்தேழு வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொழில்முறை ஆண் ஆட்டக்காரர் வாய் திறக்க 2022 மே மாதம் ஆனது. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ். அப்போது அவருக்குப் பதினேழு வயது. நடுவில் முப்பத்திரண்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் அத்தனை ஆயிரம் ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட அப்படி இருந்திருக்க மாட்டாரா? இருந்தார்கள், வாயை மூடிக்கொண்டு ஆடினார்கள். சனிக்கிழமை இரவுகளில் மாமாக் கடையில் உட்கார்ந்து நாம் கைதட்டிய கோல்களில் சில அவர்களுடையவை.

சட்டம் படித்தவள் (செவ்வாய், காலை 8.20)

பத்துமலை வாசி சட்டத்தைச் சொன்னதால் அதை மட்டும் தெளிவாக்குகிறேன்.

குற்றவியல் சட்டத்தொகுப்பின் 377ஏ, 377பி பிரிவுகள் குறிப்பிட்ட சில உடலுறவுச் செயல்களைத் தண்டிக்கின்றன. இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி. கடுமையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் படித்துப் பாருங்கள்: அது தண்டிப்பது செயலை. ஆணும் பெண்ணும் செய்தாலும் அந்தப் பிரிவு பொருந்தும். ஒருவரை விரும்புவது குற்றம் என்று அதில் இல்லை. அப்படி ஒருவரை அணியில் வைத்திருப்பது குற்றம் என்றும் இல்லை, அவரை நீக்கு என்று எந்த அணிக்கும் அது கட்டளையிடவும் இல்லை. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனியாக உண்டு. அது வேறு கணக்கு. சட்டம் கேட்காததை எல்லாம் சட்டத்தின் பெயரால் நாமே செய்கிறோம்.

இன்னொன்று, இந்தச் சட்டம் நம் முன்னோர் கொண்டுவந்ததும் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே வரைந்து 1860-ல் இந்தியாவில் நிறைவேறிய தொகுப்பிலிருந்து, பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்குப் பிரிட்டிஷார் 1871-ல் இறக்கியது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயதுவந்தோர் மனமொத்து நடப்பதற்கு அந்தத் தொகுப்பின் 377-ஆவது பிரிவு பொருந்தாது என்றது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் தன் 377ஏ பிரிவை நீக்கியது. மேல்நாட்டுச் சரக்கு எது என்று பார்த்தால் பட்டியலில் முதலில் இந்தச் சட்டம்தான் வரும்.

செந்தூல் அண்ணா, உங்கள் அணியில் சட்டத்துக்குப் புறம்பாக நடந்திருப்பது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. பிறர் கைப்பேசியைத் திறந்து அந்தரங்கச் செய்தியைப் பரப்பியது. துன்புறுத்தும் நோக்கில் இணையத்தில் எதையாவது அனுப்புவதை 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு தொடுகிறது. ஆனால் அவசரப்பட்டு அந்தப் பையனைப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அந்தச் செய்திகளையே அங்கே காட்ட வேண்டி வரும், கேள்வி அவன் பக்கம் திரும்பும். அவன் விரும்பினால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். இப்போதைக்கு எல்லார் கைப்பேசியிலிருந்தும் அந்தப் படங்களை உங்கள் கண்முன் நீக்கச் செய்யுங்கள்.

அவனுக்குச் சட்டத்தின் துணை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். அரசமைப்பின் 8-ஆவது விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. பாலினம் என்ற சொல்லே 2001-ல்தான் சேர்ந்தது. பாலீர்ப்பு அதில் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் அவனுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு நீங்கள் எடுக்கும் முடிவு.

தாமான் தந்தை (செவ்வாய், மதியம் 1.05)

எல்லாரும் படித்தவர்கள் மாதிரி எழுதுகிறீர்கள். நான் லாரி ஓட்டுகிறவன். என் மகனுக்குப் பதினாறு வயது, இதே மாதிரி ஓர் அணியில் பெரியவர்களோடு ஆடுகிறான். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுக்கிறார்கள். ஒரு தகப்பனுக்குப் பயம் வருமா வராதா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

வளைகோல் (செவ்வாய், மதியம் 2.30)

வரும் அண்ணே. வர வேண்டும். நானும் இரண்டு பெண் பிள்ளைகளின் தாய், பள்ளி நாளிலிருந்து ஹாக்கி ஆடுகிறவள். ஆனால் அந்தப் பயம் யார் மேல் விழ வேண்டும் என்று பாருங்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் லாரி நாசர் சிறுமிகளை ஆண்டுக் கணக்கில் சீரழித்தவர். 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். அவர் மனைவி மக்களோடு வாழ்ந்த மனிதர். எல்லாரும் நம்பிய மனிதர். பிள்ளைகளைக் கெடுப்பவன் அவன் பெறும் நம்பிக்கையை வைத்துத்தான் கெடுக்கிறான்.

ஆகவே விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களோடு ஒரே அறையில் தங்கக் கூடாது. பயிற்றுநர் எந்தப் பிள்ளையையும் தனியாகக் காரில் ஏற்றக் கூடாது. கைப்பேசிச் செய்தி என்றால் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான். இதைக் கேளுங்கள், உங்கள் மகன் பத்திரமாக இருப்பான். ஒரு கோல் காவலரைத் துரத்திவிட்டு மற்றபடி எல்லாம் பழையபடி நடந்தால் உங்கள் மகனுக்கு ஒரு பாதுகாப்பும் வந்துவிடாது.

பெண்கள் ஆடும் இடத்தில் இந்தப் பேச்சு வேறு உருவத்தில் வரும். குட்டை முடி வெட்டினால் பேச்சு, தோளில் சதை வைத்தால் பேச்சு. கல்யாணமானவளோ ஆகாதவளோ, யாரையும் விடுவதில்லை. எங்கள் அணியில் நன்றாக ஆடிய ஒருத்தியின் வீட்டில், உன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்லியே ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு யார் மேலும் எந்த ஈர்ப்பும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பந்து மேல் இருந்தது. ஒடிசாவின் துத்தி சந்த், 2018 ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியவள், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தன் கிராமத்துப் பெண் ஒருத்தியை விரும்புவதாக 2019 மே மாதம் சொன்னாள். சொந்தக் குடும்பமே எதிர்த்து நின்றது. அவள் பின்வாங்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள்.

பட்டர்வொர்த் டீச்சர் (செவ்வாய், இரவு 9.10)

ஓய்வுபெற்ற ஆசிரியை. பினாங்கில் இரண்டு இடைநிலைப்பள்ளிகளில் வேலை செய்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து அந்தக் குவளையே கண்முன் நிற்கிறது.

தம்பி செந்தூல், உங்கள் பையன்களுக்கு இரட்டைக் குவளை என்றால் என்னவென்று தெரியுமா? அங்கே ஊரில் டீக்கடையில் இன்னாருக்குக் கண்ணாடிக் குவளை, இன்னாருக்குத் தேங்காய்ச் சிரட்டை என்று வைத்திருந்தார்கள். என் பாட்டி சிரட்டையில் குடித்தவள். தோட்டத்துக்கு வந்த பிறகும் லயத்தில் அந்தக் கோடு உடனே அழிந்துவிடவில்லை என்று சொல்லுவாள். அந்த அவமானத்தைத் தின்று வளர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று செந்தூலில் ஒரு பிள்ளையைக் கார் கழுவும் குழாயில் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்: ஒரு கிழவி எழுதினாள் என்று.

2017 ஜூன் மாதம் பினாங்கில் நடந்ததை இங்கே யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பதினெட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளை. பள்ளிக் காலத்திலிருந்தே அவன் நடையையும் பேச்சையும் வைத்துப் பெண் மாதிரி என்று கேலி. பள்ளியை முடித்த பிறகும் விடவில்லை. அவனைத் தாக்கியதாகக் கைதானவர்களில் பழைய பள்ளித் தோழர்கள் இருந்தார்கள். மருத்துவமனையில் சில நாள் கிடந்து, ஜூன் 15-ஆம் நாள் போய்விட்டான். மலேசியா முழுக்க நம்மவர்கள் மெழுகுவத்தி ஏற்றி அழுதோம். அவனுக்கு யார் மேல் ஈர்ப்பு என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேலிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. அந்தச் சொல்லை ஒருவன் மேல் ஒட்டினால் போதும், பிறகு அவனை என்ன செய்தாலும் சரி என்று சிலருக்குத் தோன்றிவிடுகிறது.

நான் வகுப்பில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். படிவம் இரண்டில் ஒரு பையன், நல்ல குரல், திருப்புகழ் பாடுவான். வெயில் கொளுத்தும் நாளிலும் தண்ணீர் குடிக்கமாட்டான். உதடு வெடித்திருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று பலமுறை கேட்ட பிறகு சொன்னான்: தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், போனால் கதவை எட்டி உதைத்து, நீ ஆணா என்று பார்க்கிறோம் என்கிறார்கள் என்று. காலை ஏழரை முதல் பிற்பகல் வரை அந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புறப்பாடத்துக்குப் பந்து விளையாடப் போகச் சொன்னால் கட்டாயம் காய்ச்சல் வரும். கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனேன். "அவனைக் கொஞ்சம் ஆம்பிள்ளையாக நடக்கச் சொல்லுங்கள் டீச்சர்" என்றார். உதைத்தவர்களைக் கூப்பிடவே இல்லை. நான் போய்க் கழிவறை வாசலில் நின்றேன். இடைவேளை தோறும் நின்றேன். ஓர் ஆசிரியை ஆண்கள் கழிவறை வாசலில் நிற்கலாமா என்று அதற்கும் பேசினார்கள்.

திடலில் நடப்பது திடலில் தொடங்குவதில்லை. "பொட்டை மாதிரி அழாதே" என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் வீட்டில் தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் தன் மகன் பந்தைத் தவறவிட்டால் வேலியைப் பிடித்துக்கொண்டு "பொண்டான்" (பெண் மாதிரி நடப்பவன் என்று மலாயில் இழிக்கும் சொல்) என்று கத்தும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தாழ்த்த அதுதான் கையில் கிடைக்கும் மிக மோசமான சொல் என்று அந்த வேலி ஓரத்தில்தான் மற்றப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கின்றன.

ஜெலுத்தோங் (புதன், அதிகாலை 12.45)

டீச்சர், உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன். நீங்கள் நின்ற வாசலில் எனக்காக யாரும் நிற்கவில்லை.

நான் தன்பால் ஈர்ப்பு உள்ளவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, முப்பது வயதைத் தாண்டியாயிற்று. வாரம் இரண்டு நாள் பூப்பந்து ஆடுகிறேன். பத்துமலை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடை மாற்றும் அறையில் கூச்சப்படுபவர்கள் மற்றவர்கள் என்கிறீர்கள். அந்த அறையில் எல்லாரையும்விட அதிகமாகப் பயப்படுபவன் நான்தான். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கமாட்டேன். யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தானோ என்று உடம்பு சுருங்கும். பெரும்பாலும் அந்த அறைக்கே போவதில்லை. வியர்த்த சட்டையோடு மோட்டாரில் ஏறி, காற்றில் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய்க் குளிப்பேன்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "உன் கல்யாணச் சாப்பாடு எப்போது?" சிரித்துவிட்டு நகர்வேன். வேலையிடத்தில் மற்றவர்கள் வார இறுதியில் மனைவியோடு எங்கே போனோம் என்று சொல்லும்போது நான் போன இடத்தைச் சொல்லலாம், யாரோடு என்று சொல்லக் கூடாது. நானும் ஒருவரும் ஆறேழு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் பினாங்குச் சீனர். ஊருக்கு நாங்கள் வாடகையைப் பங்குபோடும் நண்பர்கள். அப்பா இறந்தபோது அவர் மூன்று நாளும் எங்கள் வீட்டில் நாற்காலி போட்டார், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார், நள்ளிரவில் ஐஸ் வாங்கி வந்தார். "யார் அந்தச் சீனப் பையன், நல்ல பையனாக இருக்கிறானே" என்று என் பெரியம்மா கேட்டார். கூட வேலை செய்கிறவர் என்றேன். சுடுகாட்டுக்கு அவர் கடைசி காரில் வந்தார். அன்று எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நாங்கள் பேசியதில்லை. ஆனால் மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் இரண்டு பேருக்குக் கணக்குப் பண்ணித்தான் கொடுக்கிறார். அவரும் அம்மாவிடம் "பசியாறினீர்களா" என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

சமயத்தைப் பற்றி யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுக்கிறேன். விரதம் இருக்கிறேன். முருகன் என்னை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

செந்தூல் அண்ணே, உங்கள் கோல் காவலரிடம் தனியாகப் பேசினீர்களா? இங்கே எல்லாரும் அவனை என்ன செய்வது என்று பேசுகிறோம். அவனுக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அவனுக்காக நீங்கள் அணியைக் கூட்டிப் பெரிய பேச்சுப் பேசினால் அதுவும் அவனைத் திடலின் நடுவில் நிறுத்துவதுதான். முதலில் அவனைக் கேளுங்கள்.

பத்துமலை வாசி (புதன், காலை 7.50)

ஜெலுத்தோங் தம்பி எழுதியதை இரவே படித்தேன். என் கருத்து மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆணுக்குப் பெண் என்பதுதான் என் நம்பிக்கை, என் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். ஆனால் தண்ணீர் விஷயத்தில் டீச்சர் சொன்னது சரி. அது பாவம். தாகம் என்று வந்தவனைக் குழாய்க்கு அனுப்பக் கூடாது. அப்பாவின் காரியத்தில் கூடமாட நின்றவரைக் கடைசி காரில் ஏற்றியதும் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

கிள்ளான் ரசிகன் (புதன், காலை 9.30)

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கே நன்றி. உங்கள் நம்பிக்கை உங்களோடு இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே ஒருவனோடு சேர்ந்து ஆடலாம். ஒரே அணியில் ஒருவர் சிலுவைக்குறி போட்டுத் திடலில் இறங்குகிறார், ஒருவர் விபூதி பூசி இறங்குகிறார், ஒருவர் நோன்பு திறந்துவிட்டு இறங்குகிறார். மூவருமே மற்றவர் சாமியை ஏற்றுக்கொண்டா பந்தைத் தட்டிக் கொடுக்கிறார்கள்?

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிலெய்டு யுனைடெட் அணியின் ஜோஷ் கவாலோ 2021 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். 2022 ஜனவரியில் மெல்போர்னில் ஆடியபோது பார்வையாளர்களில் சிலர் அசிங்கமாகக் கத்தினார்கள். அதற்கு எதிரணியான மெல்போர்ன் விக்டரிக்குத்தான் அபராதம் விழுந்தது. கத்துபவர்களை அடக்குவது போட்டியை நடத்துபவரின் வேலை. செந்தூல் அண்ணே, கிண்ணப் போட்டி நடத்துநர்களிடம் இப்போதே பேசிவையுங்கள். எதிரணிக்குச் செய்தி போயிருக்கும்.

செந்தூல் திடல் (சனி, இரவு 11.20)

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் சொன்னபடி முதலில் அவனைத்தான் பார்த்தேன். ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசினோம். எதிர்பார்த்த மாதிரி அவன் அழவில்லை. இரண்டு விஷயம் கேட்டான். அம்மா காதுக்குப் போகக் கூடாது. தன்னைப் பற்றி அணியில் கூட்டம் போட்டுப் பேசக் கூடாது. சரி என்றேன்.

ஆகவே அவனைப் பற்றிப் பேசாமல் விதியைப் பற்றி மட்டும் பேசினேன். பிறர் கைப்பேசியைத் தொட்டால் அந்தப் பருவம் முழுக்க ஆட்டம் இல்லை. திடலில் அந்தக் கேலிச் சொற்கள் யார் வாயில் வந்தாலும் அந்தப் பயிற்சி அவருக்கு அத்தோடு முடிந்தது, எனக்கும் இது பொருந்தும். வளைகோல் அக்கா சொன்ன, சிறுவர்கள் தனி அறை என்ற விதியும் சேர்ந்தது. படம் பிடித்துப் போட்டவனை இந்தக் கிண்ணத்துக்கு எடுக்கப் போவதில்லை. என் எதிரிலேயே எல்லாரும் படங்களை நீக்கினார்கள்.

அணித்தலைவர் விலகிவிட்டார். அவரோடு மத்தியத்திடலில் ஆடும் ஒருவரும் போய்விட்டார். ஜெர்சி வாங்கித் தருபவர் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டார். கைப்பேசித் தகராறு என்று சொன்னேன், அது உண்மைதானே. புதிய தலைவராக எங்கள் லாரிக்கார அண்ணனைப் போட்டிருக்கிறோம். அவர்தான், "எனக்குப் பின்னால் நிற்கிறவன் பந்தைப் பிடிப்பானா மாட்டானா, அதைச் சொல்லுங்கள்" என்றவர். இன்னும் சிலர் போத்தலோடுதான் வருகிறார்கள். அதற்கு விதி போடவில்லை, போட முடியாது.

கிண்ணத்துக்கு அவன் ஆடுவானா என்பதை இன்னும் சொல்லவில்லை. யோசிக்கட்டும்.

கெப்போங் அம்மா (ஞாயிறு, மாலை 4.15)

பல நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் கணக்குத் திறந்தேன். என் மகனுக்குப் பத்தொன்பது வயது. போன மாதம் என்னிடம் மட்டும் சொன்னான், பெண்கள் மேல் தனக்கு விருப்பம் வராது என்று. அன்று நான் ஒன்றும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவுக்குத் தெரியாது. கெடாவில் ஒருவர் மந்திரித்துச் சரி செய்வார் என்று என் தம்பி பொதுவாகப் பேசும்போது சொல்லியிருக்கிறான். இது வியாதியா? சின்ன வயதில் அக்கா பிள்ளைகளோடு அதிகம் விளையாட விட்டதால் வந்ததா? அவனிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்விடுகிறான்.

பட்டர்வொர்த் டீச்சர் (ஞாயிறு, மாலை 5.40)

அம்மா, வியாதி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17-ஆம் நாள் எடுத்தது. அக்கா பிள்ளைகளோடு விளையாடியதால் வருவதும் இல்லை. நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை.

மந்திரிக்கிறேன், மாற்றுகிறேன் என்பவர்களிடம் எக்காரணம் கொண்டும் அழைத்துப் போகாதீர்கள். மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்கு ஓடிப்போன இரண்டு இளம்பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் நாள் கொடுத்த உத்தரவைத் தேடிப் படியுங்கள். இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, அந்த நீதிபதி உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னார். அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம்மைப் போன்ற வீடுகளைப் பார்த்து எழுதியது.

ஜெலுத்தோங் (ஞாயிறு, இரவு 8.05)

அம்மா, அவன் முதலில் உங்களிடம் வந்திருக்கிறான். எனக்கு இன்றுவரை அந்தத் தைரியம் வரவில்லை.

பெரிய பேச்சு ஒன்றும் தேவையில்லை. அவன் அறைக்குள் போகும்போது கதவைத் தட்டி, அன்று நீ சொன்னதைக் கேட்டேன், என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்துவிட்டேன், உன் மேல் கோபம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளையும் அவன் தனக்கு எதிராகத்தான் எண்ணிக்கொண்டிருப்பான். கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றினால், யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்களா, சரியாகத் தூங்குகிறாயா என்று கேளுங்கள். கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள், உறவினர் எடுத்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுங்கள். அவன் மிகவும் சோர்ந்திருந்தால், உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்ற மாதிரி ஏதாவது சொன்னால், உடனே மருத்துவரிடம் போங்கள், கூடவே இருங்கள்.

அப்பாவிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அதுவரை உங்கள் தம்பியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.